நாளுக்கொரு சாண்

செங்காட்டுப்பாளையத்துச் சென்னியப்பன் பனியன் கம்பெனி மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது ஓர் ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை மணி ஷிப்டுக்கு முந்நூற்றுப் பத்துப் பேரும் சோற்றுத் தூக்குப்போசியோடு உள்ளே நுழைந்தபோது, நேற்றுவரை ஒரு படி ஏறிப் போன வாசல் இன்றைக்குச் சமதரையாக இருந்தது. புதன்கிழமை அது ஒரு படி இறங்கிப் போகும் வாசலானது. வியாழக்கிழமை இரண்டு படி. முதலில் இடறி விழப்போனவள் லைன் சூப்பர்வைசர் மயிலாத்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவள், பின்னால் வந்த பெண்களைப் பார்த்து, "பாத்து வாங்க, வாசல் எறங்கியிருக்குது" என்று சொல்லிவிட்டு, பவர் டேபிள் தையல் மெசின்களுக்கு நூல்கண்டு வந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள்.

கட்டடம் விரிசல் விடவில்லை, சாயவில்லை, ஒரு ஓடுகூட நகரவில்லை. தயிருக்குள் கரண்டி இறங்குகிற மாதிரி, சத்தமில்லாமல், நாளுக்கொரு சாண் இறங்கியது. செம்மண்ணைக் கடந்து, ஓடைக்கல்லைக் கடந்து, வெடி வைத்தாலும் அசையாத கரும்பாறையையும் அது அதே நிதானத்தோடு கடந்தது. ஏன் என்று கேட்க வந்த இரண்டு இன்ஜினியர்கள் மண்ணைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கிணறு வெட்டியே பிழைத்த ஊர் அது. நூறடி ஆழத்தில் மனுசன் நிற்பது அங்கே யாருக்கும் புதுசல்ல.

அதுவுமில்லாமல் கேட்க அது நேரமுமில்லை. நூல் விலை காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றுமாக இருந்தது. எங்கோ கடலுக்கு அப்பால் இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டால் இங்கே கட்டிங் டேபிளில் துணி விழாமல் போயிற்று. அந்த நோய்க்காலத்தில் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டபோது மயிலாத்தாளும் அவள் புருசன் வெள்ளிங்கிரியும் மகள் தாரணியும் ரேசன் அரிசிக் கஞ்சியை மூன்று வேளையும் குடித்துக்கொண்டு, மெசின் சத்தம் இல்லாத ஊரை மூன்று மாதம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியைப் போல ஒரு பயத்தை மயிலாத்தாள் பிறந்ததிலிருந்து அனுபவித்ததில்லை. கம்பெனி இறங்கட்டும், ஏறட்டும், பறந்துகூடப் போகட்டும், நின்றுவிடக் கூடாது. இதுதான் அவள் எண்ணம். அவள் எண்ணம் மட்டுமா, முந்நூற்றுப் பத்துப் பேர் எண்ணமும் அதுதான்.

"மயிலா, என்ன பண்ணலாம்?" என்று முதலாளி சென்னியப்பன் கேட்டார். இருபத்தைந்து வருசத்துக்கு முன்னால், ஒரே ஒரு தறிக்கொட்டகையில் கம்பெனி ஆரம்பித்த நாளில், தைக்கிறவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்கு வந்தவள் அவள். அவரை மாமா என்றும் முதலாளி என்றும் மாறிமாறிக் கூப்பிடுகிற உரிமை அவளுக்கு இருந்தது.

"எங்கூட்டுக்காரரு கொத்து வேலைதானுங்க மொதலாளி. தெனமும் காலையில வந்து ஒரு படி கட்டிக் குடுத்தர்றாருங். எறங்கறது எறங்கட்டும், நாம படி வெச்சுக்கலாமுங்."

"சமாளிச்சரலாமா?"

"சமாளிச்சுக்கலாமுங்."

அன்றிலிருந்து வெள்ளிங்கிரி விடிகாலையில் சிமென்ட்டும் கல்லுமாக வந்து, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு படி கட்டினான். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று கம்பெனி பார்க்காமல் இறங்கியதால் திங்கட்கிழமை இரண்டு படி. படி கட்டத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவன் மயிலாத்தாளிடம் சொன்னான்: "ஏம்புள்ள, ரெண்டாள் அகலத்துக்குக் கட்டிப்போடறேன். ஏறறவங்க ஏறட்டும், எறங்கறவங்க எறங்கட்டும்."

"அதுக்கு ரெட்டிப்பு நேரமாகுமுங். ஷிப்டு எட்டரைக்கு ஆரம்பிக்கோணும். ஓராள் அகலம் போதும். வரிசையா வந்து வரிசையா போவாங்க, அதுதான் ஒழுங்கு" என்றாள் அவள். வெள்ளிங்கிரி ஓராள் அகலத்துக்கே கட்டினான்.

இப்படி ஆடி போய் ஆவணி போய் புரட்டாசி வந்தது. எலக்ட்ரீசியன் நாளுக்கொரு சாண் வயரை இளக்கிவிட்டார். டீக்காரர் கேனைக் கயிற்றில் கட்டி ராட்டினத்தில் இறக்கினார். கட்டுக் கட்டாகத் தைத்த பனியன்கள் அதே ராட்டினத்தில் ஏறின. கூரையின் நடுத் திறப்பு வழியாக வெயில் முதலில் பத்து மணிக்கு வந்தது, பிறகு பதினொன்றுக்கு வந்தது, பிறகு நடுப்பகல் பன்னிரண்டுக்குக் கால்மணி நேரம் வந்து, மூன்றாவது லைன்வரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அந்தக் கால்மணி நேரத்துக்குத் தலைமுடியை அவிழ்த்துக் காயப்போட மூன்றாவது லைன் பெண்களுக்கு மற்ற லைன்காரர்கள் இடம்மாற்றிக் கொடுத்தார்கள். சாயங்காலம் படியேறி வீட்டுக்கு வந்த பெண்களின் கெண்டைக்கால் கல்லுப்போல் ஆயிற்று. புருசன்மார் அதைப் பார்த்துக் கிண்டல் பண்ணினார்கள், பிறகு பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். ஆயுத பூஜைக்கு ஐயர் இறங்கமாட்டேன் என்றார். மேலிருந்தே மந்திரம் சொன்னார், பூவும் பொரியும் கீழே விழ விழ எல்லாரும் மடியில் ஏந்திக்கொண்டார்கள். ஆபீஸ் மட்டும் இரண்டாம் மாதத்திலேயே மேலே தகரக் கூரை போட்டு மாறிவிட்டது. டெலிபோன் சிக்னல் கீழே கிடைக்கவில்லையாம்.

அந்த ஆபீசுக்குப் புதிதாக வந்தவன் எச்.ஆர். மேனேஜர் நிரஞ்சன். கோயம்புத்தூரில் படித்தவன், நல்ல பையன்தான், யாரையும் அதட்டமாட்டான். வந்த மூன்றாம் நாள் கீழே இறங்கிவந்து, எல்லாரையும் உட்காரவைத்து, "நிச்சயமில்லாத காலத்துல ஒரு நிறுவனத்தோட பலம் கட்டடத்துல இல்லைங்க, உங்க மனசுல இருக்கு. எது வந்தாலும் வேலை நிக்கக் கூடாது. அதைப் பழக்கமா ஆக்கிக்கணும்" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். சுவரில் ஒரு போர்டு மாட்டினான். அதில் 'முடியாது' என்ற சொல்லை எழுதி அதன்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டான். அன்றிலிருந்து அந்தச் சொல்லை வாய்தவறிச் சொன்னவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். முடியவில்லை, முடியலை, முடியாதுங்க என்று அதன் உறவுமுறைகள் எல்லாமே கம்பெனியை விட்டுப் போயின. காய்ச்சல் வந்தவள்கூட, "மேலு கொஞ்சம் சுடுது, சமாளிச்சுக்கறேன்" என்றுதான் சொன்னாள்.

ஐப்பசியில் சுவர் கசியத் தொடங்கியது. வெறும் தண்ணீராக இருந்தால் வேறு கதை. கசிந்ததெல்லாம் நிறம். எத்தனையோ வருசமாக மண் குடித்து வைத்திருந்த சாயத் தண்ணீர், பாறை இடுக்கிலிருந்து ஒவ்வொரு நிறமாக வந்தது. ஒருநாள் மெரூன், ஒருநாள் கிளிப்பச்சை. பழைய ஆட்கள் அதைத் தொட்டுப் பார்த்து, "இது நாம அந்த வருசம் கிறிஸ்துமஸ் ஆர்டருக்குப் போட்ட செகப்பு" என்று அடையாளம் சொன்னார்கள். பழகியவர்களைப் பார்த்த மாதிரி அவர்களுக்கு ஒரு சந்தோசம்கூட இருந்தது.

தரை ஈரமானால் கரண்ட் அடிக்கும். அதற்கு மயிலாத்தாள்தான் வழி கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடத்து வெண்கல மணி ஒன்றை வாங்கிவரச் சொல்லி, படிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். எலக்ட்ரீசியனிடம் சொல்லி ஒவ்வொரு மெசினுக்கும் முழங்காலால் அமுக்குகிற மாதிரி ஒரு தகடு வைக்கச் சொன்னாள். மணி அடித்தால் எல்லாரும் இரண்டு காலையும் தூக்கி ஸ்டூல் கம்பியில் வைத்துக்கொள்ள வேண்டும். முழங்காலால் தகட்டை அமுக்கித் தையலை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். தண்ணீரை ஹெல்பர்கள் வாளியால் அள்ளி ராட்டினத்தில் ஏற்றுவார்கள். தினமும் காலை பத்தரை மணிக்கு இதற்குப் பயிற்சி. முதல் நாள் நாலு நிமிசம் ஆயிற்று. பத்தாம் நாள் ஒரு நிமிசம். கார்த்திகைத் தீபத்தன்று, மணியின் முதல் அடி அடங்குவதற்குள் ஐந்நூற்றுச் சொச்சம் கால்கள் தரையை விட்டு உயர்ந்திருந்தன, ஒரு ஊசிகூட நிற்கவில்லை. மயிலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளை முதலடி வைத்தபோதுகூட அவ்வளவு பூரிக்கவில்லை என்று அவளே பிறகு சொன்னாள். பாவி, சொல்லியிருக்க வேண்டாம்.

அந்தப் பெற்ற பிள்ளையும் அங்கேதான் இருந்தாள். தாரணிக்கு இருபது வயது, இரண்டாவது லைனில் ஓவர்லாக் மெசின். கழுத்துப்பட்டி முடிக்கும்போது அரை அங்குலம் நூலை வால் மாதிரி விட்டுவிடுவாள். "அதை ஒட்ட நறுக்கிப் பழகு அம்மணி" என்று மயிலாத்தாள் தினமும் திட்டுவாள், அவள் தினமும் சிரிப்பாள். மற்றபடி அவளை மிஞ்ச ஆளில்லை. பத்தரை மணிப் பயிற்சியில் நிரஞ்சன் மாட்டிய 'அசையாதவர்' பட்டியலில் தொடக்கத்திலிருந்தே முதல் பெயர் அவள்தான்.

நிரஞ்சனுக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. ஒருநாள் மயிலாத்தாளிடம் தனியாகச் சொன்னான்: "அக்கா, பயிற்சின்னு தெரிஞ்சு செய்யறாங்க. நிஜமாவே பயம் வந்தா என்ன பண்ணுவாங்கன்னு பாக்கணும்." அடுத்த நாள் மணி அடிக்கும்போதே அவன் ஏற்பாடு செய்த ஆள் ஒருவன், "தண்ணி! தண்ணி! ஏறி ஓடுங்க!" என்று அலறினான். பதினேழு பேர் எழுந்தார்கள். அதில் பதினாறு பேர் இரண்டடி வைத்துவிட்டு நின்றுவிட்டார்கள். அயர்ன் மாஸ்டர் துரைப்பாண்டி மட்டும், சங்கரன்கோவில் பக்கத்து ஆள், தேய்ப்புப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டுத் நூற்றறுபது படி ஏறி ஓடிவிட்டான்.

செக்கிங்கில் பழுதான பனியனுக்கு ஒட்டுவார்களே சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அதைப் பதினேழு பேர் சட்டையிலும் சேலையிலும் ஒட்டி, ஒரு வாரத்துக்கு எடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. விளையாட்டுக்குத்தான் என்று நிரஞ்சன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். ஒட்டியது மயிலாத்தாள் கை. துரைப்பாண்டியின் நெஞ்சில் ஒட்டும்போது அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"யக்கா, நான் பயந்தவன்தான். ஒத்துக்கிடுதேன். ஆனா நீங்க எல்லாத்துக்கும் பயிற்சி குடுக்கீங்க, ஏறி வெளிய போறதுக்கு என்னைக்காவது குடுத்தீங்களா?"

"வெளிய போறதுக்கு எதுக்கு மாஸ்டர் பயிற்சி? அதுதான் தெனமும் சாயந்தரம் போறமே."

"வெள்ளம் தலைக்கு மேல போனா சாண் என்ன, முழம் என்னம்பாங்க. நமக்குத் தெனம் ஒரு சாண்னு வந்ததால தலை எங்க இருக்குன்னே தெரியாமப் போச்சுக்கா." அந்த வாரமே கணக்கை முடித்துக்கொண்டு, மேலே ரோட்டோரம் ஒரு தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்க ஆரம்பித்துவிட்டான். இத்தனைக்கும் மயிலாத்தாள் கெட்டவள் இல்லை. அன்றைக்கு அவளுக்கு அவன்மேல் இரக்கமாகத்தான் இருந்தது, சமாளிக்கத் தெரியாத மனுசன் என்று.

தை மாதம் ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரம்மா வந்து, இருநூறு படியையும் இறங்கி, காலைத் தூக்கிக்கொண்டு தைப்பதைப் போட்டோ பிடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'எது வந்தாலும் நிற்காத நிறுவனம்' என்று ஒரு கேடயம் வந்தது. முதலாளி அதை மேலே ஆபீசில் வைத்தார். ஆர்டர் இரண்டு மடங்காயிற்று.

மாசி மாதம், இருநூற்று முப்பத்தோராவது படி கட்டிய நாள். பகல் பன்னிரண்டுக்கு வெயில் வந்தது. மூன்றாவது லைனில் முடி காயப்போட உட்கார்ந்திருந்தவர்களின் நிழலுக்கு நடுவில் தரை நீலமாகத் தெரிவதை மயிலாத்தாள் பார்த்தாள். நேவி நீலம். கசிவு என்றால் சுவரோரம் வரும். இது நடுத்தரையில் நின்றது. பார்க்கப் பார்க்க ஒரு விரல் ஏறியது. சட்டியிலே பால் பொங்குவதைப் போல விளிம்பு தெரியாமல் ஏறியது. அவள் பாதம் குளிர்ந்தது. இருபத்தைந்து வருசமும், இருநூற்று முப்பத்தோரு படியும் ஒரே நொடியில் அவள் நெஞ்சுக்குள் இறங்கின. இது அள்ளித் தீராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஓடிப்போய் மணியை அடித்தாள். அவள் கையில் இருந்த சத்தம் அது ஒன்றுதானே.

முந்நூற்றுச் சொச்சம் பேரும் காலைத் தூக்கி ஸ்டூல் கம்பியில் வைத்துக்கொண்டார்கள்.

மறுபடி அடித்தாள். முழங்கால்கள் தகட்டை இன்னும் வேகமாக அமுக்கின. ஓட்டமாக அடித்தாள். தையல் ஓட்டமாகப் போயிற்று. "பயிற்சி இல்ல சாமிகளா! ஏறுங்க! ஏறி ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். லைன் லைனாகச் சிரிப்பு எழுந்தது. "மயிலக்கா இன்னைக்கு நல்லா நடிக்கறாங்கடி" என்று யாரோ சொல்வது கேட்டது. "அம்பு ஒட்டப் பாக்கறாங்க, ஏமாறாதீங்க" என்று இன்னொருத்தி சொன்னாள். தண்ணீர் ஸ்டூலின் முதல் கம்பியைத் தொட்டது. அவர்கள் காலை இரண்டாவது கம்பிக்கு மாற்றிக்கொண்டார்கள். அதற்கும் பயிற்சி இருந்தது.

மயிலாத்தாள் நீலத்துக்குள் விழுந்தடித்துப் போய்த் தாரணியின் கையைப் பிடித்தாள். "எந்திரி அம்மணி. நெசமாத்தான் சொல்றேன். எந்திரி."

தாரணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நம்பினாள் என்றுதான் மயிலாத்தாள் சாகிறவரை சொல்லிக்கொண்டிருப்பாள், அந்தப் பார்வை நம்பின பார்வைதான் என்று. ஆனாலும் அவள் கை மெசினை விட்டு வரவில்லை. "எல்லாரும் பாக்கறாங்கம்மா. நானே எந்திரிச்சா லைன் நின்னுரும். இந்தக் கட்டு மட்டும் முடிச்சுட்டு வந்தர்றேன். நீ முன்னால போ."

"கட்டு நாசமாப் போகுது, வா!"

"போம்மா. சமாளிச்சுக்குவேன்."

பிடித்து இழுத்தாள். கல்லாகிப்போன அந்தக் கால்கள் ஸ்டூல் கம்பியைக் கவ்வியிருந்தன. மயிலாத்தாள் ஒருத்தியால் அசைக்க முடியவில்லை. ஆள் கூப்பிடத் திரும்பினாள், யாரும் நிமிரவில்லை. படிக்கட்டடிக்கு வந்து, கடைசிப் படியில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தில் அறைந்துகொண்டு அழுதாள். "எனக்கு முடியல சாமி. என்னால முடியல. முடியவே இல்ல."

அந்தச் சொல்லைக் கேட்டு ஆறு மாதமாயிற்று. கேட்ட இடத்தில் மெசின்கள் ஒவ்வொன்றாகத் தடுமாறின. கடைசி லைனில் ஒரு கிழவி, "எனக்கும் முடியல ஆத்தா" என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி. அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். முழங்காலளவுத் தண்ணீரில் அழுதுகொண்டே வந்தார்கள். பயத்தில் அழவில்லை அவர்கள், எட்டு மாதத்துக் களைப்பு அது. படி ஓராள் அகலம். அந்தக் கடைசிப் படியில் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் அவளைத் தூக்கி நிறுத்தி, முன்னால் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். அவள் திரும்பப் பார்த்தாள், திரும்ப முடியவில்லை. ஒதுங்கி வழிவிட்டு இறங்கலாம் என்றால் ஒதுங்க இடமில்லை. "எம்புள்ள கீழ இருக்கறா, வழி விடுங்க" என்று ஒவ்வொரு படியிலும் கெஞ்சினாள். வழி விட யாருக்கும் மனசில்லாமல் இல்லை, படியில் இடம் இல்லை. அவள் கேட்டு வாங்கிய அகலம் அது. நாற்பத்து மூன்று பேரை முதுகில் சுமந்துகொண்டு அவள் மேலே வந்து சேர்ந்தாள். வெயில் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

தண்ணீர் மேலிருந்து அறுபத்திரண்டாவது படிவரை ஏறி, அங்கே நின்றது. கம்பெனி இறங்குவதும் அன்றோடு நின்றது.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள், கயிறு விட்டு ஆழம் பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். ஊர் முழுக்க விளிம்பில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதது. இரண்டு நாள் அழுது ஓய்ந்து மூன்றாம் நாள் காலையில் கொஞ்சம் அமைதியானபோது, தண்ணீருக்கு அடியிலிருந்து மெசின் சத்தம் கேட்டது. முதலில் நம்பாதவர்களும் படியில் காதை வைத்துக் கேட்டார்கள். ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. பத்தரை மணிக்கு மணிச்சத்தம் கேட்டது. அதை யார் அடிக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மத்தியானம் ஒரு கட்டு மிதந்து வந்தது. பிளாஸ்டிக் பையில் கட்டி, ஈரம் படாத ஐம்பது பனியன், பழுது ஒன்றுமில்லை.

அழுகை எவ்வளவு நாள் தாங்கும்? சனங்கள் அதையும் பழகிக்கொண்டார்கள். காலையில் அம்மாமாரும் புருசன்மாரும் தூக்குப்போசியைத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். அது அமிழ்ந்து போய், சாயங்காலம் கழுவிக் கவிழ்த்த மாதிரி காலியாக வந்தது. அதைப் பார்த்துச் சிலர் ஆறுதலடைந்தார்கள், பசி இருக்கிறதே, உயிர் இருக்கிறதே என்று. தடுமன் வரும் என்று மிளகு ரசம் வைத்து அனுப்பியவர்களும் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் விளிம்பில் நின்று மதிப்பெண் சொல்லிவிட்டுப் போயின. சென்னியப்பன் ஒரு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வந்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. வந்து, மிதந்து வந்த கட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, லாரிக்குச் சொல்லியனுப்பினார். ஆர்டர் தேதிக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. நிரஞ்சன் மட்டும் ஒருநாள் போர்டைத் தண்ணீரில் வீசிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனான். மறுநாள் காலையில் அந்தப் போர்டு துடைத்துச் சுத்தமாக மேலே மிதந்து வந்தது.

ஏறி வந்த நாற்பத்து மூன்று பேருக்கும் விளிம்பில் தகரக்கொட்டகை போட்டு, செக்கிங் வேலை கொடுத்தார்கள். மயிலாத்தாளும் போனாள். வேறெங்கே போவாள்? தினமும் மிதந்து வருகிற கட்டுகளில் கழுத்துப்பட்டி ஓரத்தில் அரை அங்குல நூல்வால் விட்ட பனியனைத் தேடி எடுத்துத் தனியாக வைத்துக்கொள்வாள். முதலில் அதைக் கன்னத்தில் வைத்து அழுதாள். பிறகு தையலைப் பார்க்க ஆரம்பித்தாள். தையல் நேராக இருந்தது. நூல் பிடித்த மாதிரி, மறுநாளும், அதற்கு மறுநாளும் நேராகவே இருந்தது. பழுதே இல்லாமல் தைத்தால்தான் பனியன் என்று வாழ்நாள் முழுக்க அதட்டியவள், "ஒரே ஒரு கோணல் விடு அம்மணி, ஒரு தையல் தப்பட்டும்" என்று வேண்டிக்கொண்டாள். கை சோர்ந்தால்தானே தப்பும். சோர்ந்தால்தானே ஏறி வரத் தோன்றும்.

வெள்ளிங்கிரி உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு முதல் படியிலிருந்து ஆரம்பித்தான். பாறையைக் குடைந்து, நாளுக்கு ஒரு படியை இரண்டாள் அகலத்துக்கு விரித்தான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

ஒருநாள் துரைப்பாண்டி தேய்த்த துணியைக் கொண்டுவந்து கொடுக்கக் கொட்டகைக்குள் வந்தான். அப்போது பத்தரை மணி. அடியிலிருந்து மணிச்சத்தம் வந்தது. அவன் துணிமூட்டையைத் தரையில் வைக்கக் குனிந்தான்.

"யக்கா, நீங்க எல்லாரும் எதுக்குக்கா காலைத் தூக்குதீங்க?"

மயிலாத்தாள் குனிந்து பார்த்தாள். காய்ந்த தரைக்கு மேலே, அவளுடைய இரண்டு காலும் ஸ்டூல் கம்பியில் ஏறியிருந்தன. கொட்டகை முழுக்க ஒரு கால்கூடத் தரையில் இல்லை. யாருக்கும் அதுவரை தெரியவில்லை. ஒவ்வொருத்தியாகக் குனிந்து பார்த்தாள், பார்த்துவிட்டு மெதுவாக இறக்கினாள். மறுநாள் மணி அடித்தபோது மறுபடி எல்லாக் கால்களும் உயர்ந்திருந்தன. தெரிந்துகொண்டதனால் மட்டும் அது விட்டுவிடவில்லை.

வைகாசியில் ஒரு புதன்கிழமை, வெள்ளிங்கிரி அறுபத்தோராவது படியை விரித்துக்கொண்டிருந்தான். காலையில் மிதந்து வந்த கட்டைப் பிரித்தாள் மயிலாத்தாள். நூல்வால் விட்ட ஏழாவது பனியனில் அவள் விரல் நின்றது. கழுத்துப்பட்டித் தையல் நேராக வந்துகொண்டிருந்து, ஓரிடத்தில் விலகி, துணியை விட்டு வெளியே இரண்டு விரற்கடை ஓடி, திரும்பத் துணிக்குள் வந்திருந்தது. தைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி மேலே பார்த்தால்தான் அப்படி ஓடும். இருபத்தைந்து வருசம் தையலைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியாதா?

சிவப்பு அம்பு ஒட்டிப் பழுது என்று ஒதுக்க வேண்டிய பனியன். அவள் அம்பு ஒட்டவில்லை. பனியனை மடித்து மடியில் செருகிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் எழுந்து, விரித்த படிகளில் இறங்கினாள். சுத்தியலை நிறுத்திவிட்டு வெள்ளிங்கிரி அவள் முகத்தைப் பார்த்தான். ஒதுங்கி வழிவிட்டான். இப்போது ஒதுங்க இடமிருந்தது.

தண்ணீர் தொடுகிற படியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீலத்துக்குள் விட்டாள். கணுக்கால்வரை குளிர்ந்தது. "கட்டு முடிஞ்சுதா அம்மணி?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்டாள். "அப்பா படியைப் பெருசாக் கட்டிப்போட்டாரு. எந்திரிச்சு வா. முடியலன்னு சொல்லிப்போட்டு வா சாமி. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

பத்தரை ஆயிற்று. அடியிலிருந்து மணி அடித்தது. மேலே கொட்டகையில் ஸ்டூல்கள் கிறீச்சிட்டன. மயிலாத்தாளின் முழங்கால்கள் அவளைக் கேட்காமலே தண்ணீரிலிருந்து எழுந்தன. அவள் இரண்டு கையாலும் அவற்றைப் பிடித்து, முழுப் பலத்தோடு அமுக்கி, பாதங்களைத் திரும்பத் தண்ணீருக்குள் இறக்கி, மணி ஓயும்வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.